எருக்கு நாரும் செஞ்சிக் கோட்டையும்: அறாத கயிறு ஏன் விற்கவில்லை?



செஞ்சி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது ராஜா தேசிங்கு. அதற்கு அடுத்து கோட்டை, கல்யாண மஹால், குரங்குகள் :) இந்தப் பதிவில் அது எதுவும் கதாநாயகன் இல்லை. கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் நாம் பார்த்தும் பார்க்காமலும் போகிற ஒரு செடியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் எருக்கு.

"அட, பிள்ளையாருக்கு மாலை கட்டுவோமே, அதுவா?" என்று கேட்கத் தோன்றும். அதேதான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், உலகத்தையே கப்பலால் ஆண்டு கொண்டிருந்த ஒரு சாம்ராஜ்யம் இந்தச் செடியின் நாரைக் கயிறாகத் திரித்து, எடை கட்டித் தொங்கவிட்டு, எப்போது அறும் என்று சோதித்துப் பார்த்தது. அந்தப் பரிசோதனையில் நம் எருக்குதான் முதலிடம். முதலிடம் வாங்கிய பொருள் ஏன் கடைக்கு வரவே இல்லை? நான் படிப்பது பி.காம். என்பதால் எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. தாவரவியல் படிக்கும் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளவும்.

முதலில் செடியைப் பற்றி

எருக்கின் தாவரவியல் பெயர் கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா. லின்னேயஸ் 1753ல் இதற்கு அஸ்கிளிபியாஸ் ஜைஜான்டியா என்று பெயர் வைத்தார். பிறகு பேரினம் மாறியது. நம் நாட்டுக்கே உரிய செடி. இந்தியா, இலங்கை தொடங்கி தென்கிழக்கு ஆசியா வரை இயற்கையாக வளர்கிறது. ஒரு தடவை வேர் பிடித்து விட்டால் பல வருடம் நிற்கும். வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆடு மாடு பொதுவாகத் தொடாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம், வேலி போட வேண்டாம். செலவுக் கணக்கில் எழுதுவதற்கு ஒன்றுமே இல்லாத பயிர்!

செஞ்சி மாதிரி பாறையும் சரளையும் வெயிலும் உள்ள ஊருக்கு இது சரியான செடி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சுற்றி உருண்டை உருண்டையாகக் கிடக்கும் பாறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே செடி வளர்வதே பெரிய விஷயம். எருக்கு அங்கேயும் வளரும். ரோட்டோரம், வாய்க்கால் கரை, இடிந்த சுவர் என்று எங்கேயும் வரும்.

இதனாலேயே நம் ஆட்களுக்கு இதன் மேல் ஒரு வெறுப்பும் உண்டு. ஆள் இல்லாத வீட்டில்தான் எருக்கு முளைக்கும். அதனால் "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பது சாபமாகிப் போனது. இன்னொரு காரணம் அதன் பால். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, உள்ளே போனால் விஷம். தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பெண் சிசுக்கொலைக்கு எருக்கம்பால் பயன்பட்டது என்பது நாம் மறைக்கக் கூடாத வரலாறு. 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே அந்தக் கொடுமையால்தான்.

ஆனால் பழைய தமிழன் எருக்கை முழுசாக ஒதுக்கவில்லை. புறநானூற்றில் கபிலர் பாரியைப் புகழும்போது, எருக்கம்பூவைக் கொடுத்தாலும் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை, அது போலத்தான் பாரியும் என்ற கருத்தில் பாடுகிறார் (106ஆம் பாட்டு). காதலில் தோற்றவன் பனை மடலில் குதிரை செய்து ஏறி ஊருக்குள் வரும்போது தலையில் சூடுவதும் எருக்கம்பூதான். நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே, விருத்தாசலம் பக்கம் இராஜேந்திரப்பட்டினத்துக்குத் தேவாரப் பெயர் திருஎருக்கத்தம்புலியூர். கோயிலின் தலமரம் வெள்ளெருக்கு. திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர் அது. ஆக சாபத்திலும் எருக்கு, சாமியிடத்திலும் எருக்கு.

நாணும் நாரும்

எருக்கின் தண்டுப் பட்டையை உரித்தால் உள்ளே வெள்ளையாக, பட்டு மாதிரி மினுமினுப்பான நார் வரும். இந்த நாரின் வரலாறு ரொம்பப் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் ஆயுதக் கிடங்கு அதிகாரியின் வேலைகளைச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதில் வில்லுக்கு நாண் எதிலிருந்து செய்யலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. மூர்வம், அர்க்கம், சணம், மூங்கில், விலங்கின் நரம்பு என்று போகிறது அந்தப் பட்டியல். அர்க்கம் என்றால் எருக்கு! வில்லின் நாண் என்பது கயிறுகளிலேயே கஷ்டமான கயிறு. மெல்லியதாக இருக்க வேண்டும், நீளக் கூடாது, திடீரென்று இழுத்தாலும் அறக் கூடாது. அந்த வேலைக்கு எருக்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் நாரின் தரம் புரியும்.

அதே பட்டியலில் முதலில் வரும் மூர்வம் எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள் வேறுபாடு உண்டு. மருள் என்று நாம் சொல்லும் செடிதான் அது என்பது ஒரு கருத்து. சங்கப் பாட்டில் மரல் என்று வருவது இதுதான். கத்தி மாதிரி தடித்த இலை, வரிவரியாகப் பச்சை. சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய வில்லியம் ராக்ஸ்பரோவின் பெயரையே இதற்கு வைத்து சான்சிவேரியா ராக்ஸ்பர்கியானா என்று அழைத்தார்கள். இப்போது அதை டிரசீனா பேரினத்தில் சேர்த்து விட்டார்கள். இதுவும் பல்லாண்டுச் செடி, இதுவும் நம் மண்ணின் செடி.

சரி, செஞ்சிக்கு வருவோம். வரலாற்றுப் புத்தகங்களில் கோட்டை என்றால் மதில், அகழி, பீரங்கி என்று எழுதுவார்கள். கயிற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுமார் 800 அடி உயரமான ராஜகிரி உச்சிக்குப் பீரங்கியை ஏற்ற வேண்டும். மதில் கட்டக் கல்லை இழுக்க வேண்டும். கிணற்றிலும் சுனையிலும் தண்ணீர் இறைக்க வேண்டும். யானை, குதிரை கட்ட வேண்டும். கூடாரம் அடிக்க வேண்டும். மூட்டை கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் கயிறுதான். கயிறு தேயும், இற்றுப் போகும், அறும். மறுபடி திரிக்க வேண்டும்.

1689ல் மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். 1690ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். விட்டு விட்டு நடந்த அந்த முற்றுகை 1698 தொடக்கத்தில்தான் முடிந்தது. ஏறக்குறைய எட்டு வருடம்! அப்படிப்பட்ட காலத்தில் ஒரு ஊரின் சொத்து என்பது கஜானா மட்டும் இல்லை. களஞ்சியத்தில் இருக்கும் நெல், சுனையில் இருக்கும் தண்ணீர், மதிலுக்குள்ளேயே வளரும் நார், விறகு, தழை எல்லாம் சொத்துதான். எருக்கங்குச்சியைச் சுட்ட கரி வெடிமருந்து செய்யவும் உதவும் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன. எருக்கந்தழை நெல் வயலுக்கு உரம். பஞ்சு தலையணைக்கு. ஆக ஒரே செடியில் நாலைந்து சரக்கு.

கப்பலுக்குக் கயிறு வேண்டும்!

இனி கதை கொஞ்சம் கடல் தாண்டிப் போகிறது. 1761ல் செஞ்சி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்குப் பிறகான நூறு வருடத்தில் ஆங்கிலேயரின் பெரிய தலைவலிகளில் ஒன்று கயிறு.

பாய்மரக் கப்பல் என்பது மரமும் துணியும் கயிறும் சேர்ந்த பொருள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற விக்டரி என்ற போர்க்கப்பலில் மட்டும் சுமார் 26 மைல் நீளத்துக்குக் கயிறு இருந்தது என்பார்கள். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற தூரத்தை விட அதிகமே தவிர குறைவில்லை. அந்தக் கயிற்றுக்கான சணல்நார், அதாவது ஹெம்ப், பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. ரஷ்யாவோடு சண்டை வந்தால் கயிறு கிடையாது. கயிறு இல்லை என்றால் கடற்படை இல்லை. சப்ளையர் ஒருவரையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் எங்கள் பாடப் புத்தகத்தில் கூட இல்லை.

அதனால் இந்தியாவில் ஹெம்புக்கு மாற்றாக என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார்கள். ராக்ஸ்பரோ முதலில் சென்னை மாகாணத்திலும், 1793லிருந்து கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலும் இருந்தவர். பல நார்களை வளர்த்து, திரித்து, வலுவைச் சோதித்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர் ராபர்ட் ஒயிட். 1819ல் டாக்டராகச் சென்னை வந்து தாவரவியலில் மூழ்கிப் போனவர். தென்னிந்தியச் செடிகளைப் பற்றி அவர் வெளியிட்ட படத் தொகுதிகள் இன்றும் பேர் பெற்றவை. படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம்மூர் ஓவியர்கள். ஒயிட் 1842லிருந்து 1853 வரை கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிடும் சோதனைப் பண்ணையைப் பார்த்துக் கொண்டார். அங்கேதான் உள்ளூர் நார்களைக் கயிறாக்கி எடை தாங்கும் சோதனையும் செய்தார். அந்த முடிவுகள் இவை (பவுண்டு கணக்கில்):

தேங்காய் நார்: 224
புளிச்சை நார்: 290
மருள்: 316
பருத்தி: 346
ஆனைக் கற்றாழை: 362
சணப்பு: 407
எருக்கு: 552

எருக்கு கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கியது. தேங்காய் நார் சுமார் 100 கிலோவில் அறுந்தது. இரண்டாம் இடம் வந்த சணப்பை விட எருக்குக்கு 145 பவுண்டு அதிகம். அந்த ஆங்கிலப் பட்டியலில் எருக்கின் பெயர் "எர்க்கம் நார்" என்று தமிழிலேயே இருக்கிறது என்பது கூடுதல் சந்தோஷம்.

இந்த எண்களைத் தன் புத்தகத்தில் சேர்த்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் ராயில். கான்பூரில் பிறந்து, சகாரன்பூர் தோட்டத்தைக் கவனித்தவர். கயிறு, துணி, காகிதம் மூன்றுக்கும் ஏற்ற இந்திய நார்ச் செடிகளைப் பற்றிய அவர் புத்தகம் 1855ல் லண்டனில் வெளியானது. அந்த வருடத்தைக் கவனியுங்கள். ரஷ்யாவோடு கிரிமியப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். அதே 1855ல் சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. மாகாணத்தின் மூலப் பொருட்களை எல்லாம் அதில் வைத்தார்கள், நார் வகைகளும் அதில் உண்டு. சென்னை ஓவியப் பள்ளியை 1850ல் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர், நார் பிரிக்கும் முறைகளில் தனி ஆர்வம் காட்டினார்.

தேவை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, தரச் சான்றிதழ் இருக்கிறது, விளம்பரமும் ஆகி விட்டது. எருக்கு ஏற்றுமதி ஆகியிருக்க வேண்டும் அல்லவா? ஆகவில்லை.

ஏன் தோற்றது?

அதே 1855ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை தொடங்கியது. வலுவில் எருக்கோடு போட்டி போட முடியாத சணல் உலகச் சந்தையைப் பிடித்தது. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் காரணம் கூலி. சணலை அறுத்துக் கட்டுக் கட்டாகத் தண்ணீரில் ஊறப் போட்டால் நார் தானாகக் கழன்று வரும். பாதி வேலையைத் தண்ணீரில் உள்ள கிருமிகளே செய்து விடுகின்றன. எருக்கை அப்படி ஊற வைத்தால் நார் நிறம் மங்கி வலுவும் போய் விடும். நேரான தண்டாகப் பார்த்து வெட்டி, ஓரிரு நாள் வெயிலில் வாட்டி, லேசாகத் தட்டி, பட்டையை உரித்து, அதிலிருந்து நாரைக் கையாலேயே கிழித்து எடுக்க வேண்டும். நடுவில் பால் வேறு. ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கொஞ்சம் நார்தான் சேரும். எருக்குச் செடி இலவசம், எருக்கு நார் இலவசம் இல்லை. இந்த வித்தியாசத்தை 19ஆம் நூற்றாண்டு ஆட்களும் புரிந்து கொண்டார்கள். எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் முதல் போடவில்லை.

இரண்டாவது காரணம், துணைப்பொருள் என்ற விஷயம். பட்டியலில் கடைசி இடம் யாருக்கு? தேங்காய் நாருக்கு. ஆனால் இன்றும் கடையில் கயிறு என்று கேட்டால் நமக்குக் கிடைக்கும் இயற்கைக் கயிறு அதுதான். காரணம் எளிது. தென்னையை யாரும் நாருக்காக வளர்ப்பதில்லை. தேங்காய்க்காக வளர்க்கிறார்கள். மட்டை மிச்சம். தோப்பின் செலவை எல்லாம் தேங்காய் சுமந்து விடுகிறது, நாருக்குப் பிரிக்கும் கூலி மட்டும்தான். உப்புத் தண்ணீரிலும் சீக்கிரம் இற்றுப் போகாது என்பது கூடுதல் பலம். எருக்குக்கு அப்படிச் செலவைப் பகிர்ந்து கொள்ள இன்னொரு விற்பனைப் பொருள் இல்லை.

மூன்றாவது, ஒரே இடத்தில் நிறைய சரக்கு இல்லை. ஆலைக்கு வண்டி வண்டியாக ஒரே தரத்தில் சரக்கு வர வேண்டும். எருக்கு ஊர் முழுக்க இருக்கும், ஆனால் இங்கே நாலு, அங்கே பத்து என்று இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஆனைக் கற்றாழையையாவது ரயில் பாதை ஓரம் வேலியாக வரிசையாக நட்டார்கள், இலையைச் சுரண்டினால் நீளமான நார் வந்தது. எருக்கை யாரும் வரிசையில் நடவில்லை. தானாக வருவதை எதற்கு நட வேண்டும் என்ற நினைப்பு!

நான்காவது, உள்ளூர்த் தேவையும் போனது. மீன்வலை, தூண்டில் கயிறு, மூட்டை கட்டும் கயிறு என்று எருக்கு நார் கிராமத்துக்குள் புழங்கியது. கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த காலத்தில் வடக்கயிறு, வால்கயிறு என்று விவசாயிக்குக் கயிறு தீராத செலவு. எந்த நாராக இருந்தாலும் ஊரில் திரிக்கத் தெரிந்த கை இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மின்சார பம்புசெட்டுகள் பரவியதும் கவலை நின்றது. பின்னாலேயே நைலான் கயிறு வந்தது. வெயிலில் கிடந்தாலும் மழையில் கிடந்தாலும் கவலை இல்லை, விலையும் மலிவு. எருக்கு நார் கடைசியில் வெள்ளெருக்குத் திரியாக விளக்கிலும், அரைஞாண் கயிறாகக் குழந்தை இடுப்பிலும் போய் ஒதுங்கியது.

இங்கே தோற்றது நாரின் வலு இல்லை. அதைப் பிரித்தெடுக்கும் முறைதான் தோற்றது. யாராவது நூறு வருடம் முன்பு நல்ல மெஷின் ஒன்றைச் செய்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

கணக்கில் வராத வரவு

எருக்கால் நமக்கு இன்னொரு வரவு உண்டு. அதற்கு பில் போட முடியாது என்பதால் எந்தக் கணக்கிலும் வராது.

எருக்கம்பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் ஐந்து மூலையுள்ள கிரீடம் மாதிரி ஒன்று இருக்கும். மற்ற பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும். எருக்கில் அப்படி இல்லை. சின்னச் சின்னப் பொட்டலமாக, இரண்டிரண்டாக ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். தேன் குடிக்க வரும் வண்டின் கால் அந்தக் கிரீடத்தின் பிளவில் வழுக்கும்போது கிளிப் காலில் மாட்டிக் கொள்ளும். வண்டு இழுத்துக் கொண்டு அடுத்த பூவுக்குப் போகும், அங்கே பிளவில் பொட்டலம் சொருகிக் கொள்ளும். கூரியர் சர்வீஸ் மாதிரி! இதற்கு வலுவான கால் வேண்டும். சின்னப் பூச்சிகள் மாட்டிக் கொண்டு தவிக்கும். கறுப்பாக, பெரிதாக, ரீங்காரம் போட்டுக் கொண்டு வரும் தச்சுத் தேனீதான் இந்த வேலைக்குச் சரியான ஆள். காய்ந்த மரத்தில் ஓட்டை போட்டுக் கூடு கட்டுமே, அதுதான்.

எருக்கு ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூக்கும். செஞ்சியில் சித்திரை வெயிலில் வயல் எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் பூத்து நிற்கும். அப்போது அந்தத் தேனீக்களுக்குச் சாப்பாடு போடும் கடை எருக்குதான். அதே தேனீக்கள் பிறகு முருங்கைப் பூவுக்கும் துவரைப் பூவுக்கும் போகின்றன. முருங்கைக்காய் விற்றவர் லாபக் கணக்கில் எருக்குக்குப் பங்கு எழுதுவதில்லை. பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்பார்கள். ஒருவர் செய்யும் நன்மைக்கு இன்னொருவர் விலை கொடுக்காமலே பலன் பெறுவது.

வண்ணத்துப்பூச்சி ஒன்றும் உண்டு. வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிறப் பூச்சி எருக்கு இலையில் முட்டை இடும். அதன் புழு எருக்கு இலையைத் தின்று, அந்த விஷத்தையே தன் உடம்பில் சேர்த்து வைத்துக் கொள்ளும். பறவைகள் ஒரு தடவை தின்று பார்த்து விட்டு அப்புறம் கிட்டவே வராது. இதைப் பார்த்து வேறொரு வகைப் பெண் பூச்சி இதே நிறத்தில் வேஷம் போட்டுத் தப்பிக்கிறது. எகிப்தில் மூவாயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கல்லறை ஓவியத்தில் கூட இந்த வெந்தய வரியன் பறக்கிறது.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள்?

வட அமெரிக்காவில் எருக்கின் சொந்தக்காரச் செடிகள் உண்டு. டாக்பேன், மில்க்வீட் என்று பெயர். ஒரே குடும்பம்தான். அங்குள்ள பழங்குடி மக்கள் அந்தத் தண்டுகளிலிருந்து நார் எடுத்து வலை, கயிறு, பை எல்லாம் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும், உயிர் காக்கும் மிதவை உடைகளில் அடைக்கிற இலவம் பஞ்சு அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போனது. உடனே பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு மில்க்வீட் காய்களைப் பறித்துப் பஞ்சு சேர்த்தார்கள். இரண்டு பை சேர்த்தால் ஒரு உயிர் பிழைக்கும் என்று பிரச்சாரம் செய்தார்கள். போர் முடிந்ததும் மறந்து விட்டார்கள். இப்போது மொனார்க் வண்ணத்துப்பூச்சி குறைந்து வருகிறது என்பதால் அதே மில்க்வீட்டை வீட்டுத் தோட்டத்தில் நட்டு வைக்கச் சொல்கிறார்கள்.

ஹவாய்த் தீவில் நம் எருக்குக்கே கிரீடப்பூ என்று பெயர். 1893ல் பதவி பறிக்கப்பட்ட கடைசி அரசி லிலியுகலானிக்குப் பிடித்த பூ இது. அங்கே மாலை கட்டி மரியாதை செய்கிறார்கள். நாம் பிள்ளையாருக்குப் போடுகிறோம், அவர்கள் விருந்தாளிக்கும் போடுகிறார்கள்.

நம் பக்கத்திலும் முயற்சி நடக்காமல் இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஆரோவில் பக்கம் ஃபாபோர்க் என்ற நிறுவனம், எருக்கு நாரையும் பஞ்சையும் பருத்தியோடு கலந்து வீகனூல் என்ற பெயரில் கம்பளிக்கு மாற்றான நூலைக் கொண்டு வந்தது. ஒயிட் கயிறாகப் பார்த்ததை இவர்கள் துணியாகப் பார்த்தார்கள். கயிறு விலைக்கு விற்றால் கட்டாது, துணி விலைக்கு விற்றால் கட்டலாம். வியாபாரத்தில் இது நல்ல யோசனை.

செஞ்சிக்கு என்ன?

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்று மட்டும் நம் செஞ்சி. பெருமையான விஷயம். சுற்றுலா வரும், ரோடு அகலமாகும், பார்க் வரும், புல்தரை வரும். அதில் முதலில் ஜேசிபி வாயில் போகப் போவது "புதர்" என்று பெயர் வாங்கிய எருக்குதான்.

மதிலுக்குள்ளே, கல் இடுக்கிலே செடி முளைத்தால் எடுக்கத்தான் வேண்டும். வேர் கட்டடத்தைப் பிளக்கும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மதிலுக்கு வெளியே, ரோட்டோரத்தில், ஏரிக்கரையில், புறம்போக்கில் இருப்பதை எல்லாம் வழித்து விட்டு, தினமும் தண்ணீர் கேட்கிற வெளிநாட்டுக் குரோட்டன்ஸ் வைப்பது என்ன கணக்கு? செலவும் நமக்கு, தேனீயும் போச்சு.

வீட்டில் கொஞ்சம் இடம் இருப்பவர்கள், வேலி ஓரம் இரண்டு எருக்கு விட்டு வையுங்கள். விதை போட்டாலும் வரும், கிளை நட்டாலும் வரும். சின்னக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் மட்டும் வேண்டாம். நார் எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கொண்டு, கிளை விடாத நேரான தண்டைப் பார்த்து வெட்டுங்கள். பாதிச் செடியை வெட்டினால் பாதியைப் பூக்க விடுங்கள். வெட்டியது துளிர்த்து வரும் வரை தேனீக்கு மற்றது இருக்கும். மூன்று புரியாக முறுக்கிப் பாருங்கள், கையால் அறுக்க முயற்சி செய்யுங்கள். ஒயிட் சொன்னது சரியா என்று உங்களுக்கே தெரிந்து விடும் :)

எருக்கு நார் மறுபடி கப்பலுக்குப் போகும் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. நைலானை விலையில் ஜெயிக்க முடியாது. ஆனால் ஒரு பொருள் சந்தையில் தோற்றது என்பதாலேயே அது பயனில்லாதது ஆகி விடாது. சந்தை விலை போடத் தெரிந்த விஷயங்களுக்கு மட்டும்தான் விலை போடும். தேனீக்குச் சாப்பாடு, வயலுக்குத் தழை, ஊருக்குள்ளேயே கிடைக்கும் நார் இதற்கெல்லாம் விலை போடத் தெரியாமல்தான் எருக்கைக் களை என்று எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பெயரை மாற்றுவதற்கு முதலீடு எதுவும் தேவையில்லை, வெட்டாமல் இருந்தால் போதும்.

உங்கள் ஊரில் எருக்கு நாரில் கயிறு திரித்த பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்களிடம் முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்னும் கொஞ்ச வருடம் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.